ஹவில்தாரின் பென்ஷனும் பாவாயியின் ஒன்றாம் தேதியும்

கஜானா ஆபீசில் ராணுவ பென்ஷன் பட்டுவாடா செய்கிறவனுக்கு ஒன்றாம் தேதி என்பது மாதாமாதம் தவறாமல் வரும் ஜுரம். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கால் கடுத்துப்போன உங்களில் பலர் என்னைத் திட்டியிருப்பீர்கள். நீங்கள் திட்டியது போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலில் ஒருத்தி

அறுபதுகளில் நான் திருப்பூருக்கு மாற்றலாகி வந்த புதிது. பென்ஷன் நாளில் ஒரு பெண்பிள்ளை வரிசையில் சேராமல் வாசல் வேப்பமரத்தடியில் நிற்பாள். பெயர் பாவாயி. வீரபாண்டியிலிருந்து நடந்தே வருவாள். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை. குன்னத்தூர் ஹவில்தார் சென்னியப்பன் அவளைக் கோர்ட்டில் விவாகரத்து செய்திருந்தார். அவளுக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் என்று தீர்ப்பும் இருந்தது.

அவர் பட்டாளத்தில் இருந்தவரை மேலதிகாரிகளே சம்பளத்தில் பிடித்து மணியார்டர் அனுப்பிவிட்டார்கள். பென்ஷனில் வந்ததும் அது நின்றுபோனது. மறுபடி கோர்ட்டுக்கு நடக்க அவளிடம் காசும் இல்லை, கம்பெனியில் லீவும் இல்லை. மகளோ ஹைஸ்கூலில் படிக்கிறாள். ஆகவே அவர் பணத்தோடு வெளியே வரும்போது கையேந்துவாள். மனசிருந்தால் கொடுப்பார். ஒரு நாள் கொஞ்சம் பார்த்துக் கொடுக்கும்படி அவரிடம் சொன்னேன். நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னார்:

“சம்பளத்துல கை வெச்சாங்க, உட்டுட்டேன். பென்ஷன் நாஞ் சிந்துன ரத்தமுங்க.”

பெரியவரின் விளக்கம்

கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கிறதே, பட்டுவாடா செய்யும்போதே பிடித்து அவளிடம் கொடுத்தால் என்ன என்று எங்கள் சூப்பிரண்டிடம் கேட்டேன். பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்று சட்டத்தைக் காட்டினார். முதுமையில் சிப்பாய் பட்டினி கிடக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட சட்டமாம். சிப்பாயின் மகள் பட்டினி கிடப்பதைப்பற்றி அதில் ஒன்றும் காணோம். அவர் வெற்றிலையை மென்றபடி விளக்கினார்:

“கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தா சர்க்கார் பணம். அந்தப் பக்கம் போனா அவன் பணம். நடுவுல அவளுக்கு எடம் எங்கேய்யா இருக்கு?”

குதிரை வண்டியில் வந்தவர்

சென்னியப்பனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்தன. இரண்டாம் சம்சாரம் ராஜாமணி கணியூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பென்ஷன்தாரர் நேரில் வந்து முகம் காட்டினால்தான் பணம் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். சில மாதம் அவர் வரவே இல்லை.

பிறகு ஒரு ஒன்றாம் தேதி குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. பாவாயி அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, வேட்டியை இழுத்துக் கட்டிவிட்டு, ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினாள். அன்றுமுதல் மாதம் தவறாமல் அவள்தான் கூட்டிவந்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் பங்கு கொடுத்தார். கம்பெனிக் கூலியை இழந்துவிட்டு இவருக்குக் கஞ்சி ஊற்றி இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டேன்.

“பாசமெல்லாம் இல்லீங்க. இவரு கண்ணு மூடுனா எம்புள்ள படிப்பு நின்னுருமுங்க.”

சாட்சி

கண்ணை மூடிவிட்டார். விதவைக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. விவாகரத்து ஆனவள் விதவை ஆகமாட்டாள். மகள் பெயருக்காவது கேட்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். விதவை ஒருத்தி இருக்கும்போது அவள் கைக்குத்தான் போகும் என்றார் சூப்பிரண்டு.

நெற்றியில் பொட்டில்லாமல் ராஜாமணி வந்து சேர்ந்தாள். இவள்தான் அவர் மனைவி என்று ஆபீசுக்குத் தெரிந்தவர் யாராவது அடையாளம் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவளைத் தெரியாது. அவளைத் தெரிந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்த ஒரே முகம் பாவாயி. சூப்பிரண்டு ஆள் அனுப்பினார். வந்தாள். பக்கத்தில் மகளும் நின்றாள். ஸ்கூல் தாவணிதான், ஆனால் முடியெல்லாம் பனியன் பஞ்சு. நான்தான் மைப்பெட்டியை நகர்த்திவைத்தேன். பாவாயி பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்க, இவதான் அவரு சம்சாரம். இத்தன வருசம் இங்கயே நின்னனுங்களே, என்னைய யாருன்னு எழுத உங்க காயிதத்துல எடமே இல்லீங்களா சாமி?”

எங்கள் ஆபீசில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பைசாகூடத் தவறான கைக்குப் போனதில்லை என்று தணிக்கைக்காரர்கள் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள்.