விடுபட்ட மூன்று எண்கள்

ஒரகடத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த தொழிற்சாலையில் ஒரு வெல்டர் இருந்தார். மண்ணூர்க்காரர். கட்டையான உடம்பு, எப்போதும் சவரம் செய்த முகம். பேசும்போது எதிரிலிருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசுவார். ரோபோ வெல்டிங் பழக ஜப்பானுக்கு மூன்று மாதம் போய் வந்தார்.

வந்த வாரமே மேலாளர் என்னை அழைத்தார். "அங்க பிளான்ட்டுக்குள்ள அவன் படம் எடுத்தான்னு புகார் வந்திருக்கு. கேமராவ வாங்கிப் பாரு. அப்படி ஒண்ணு இருந்தாலும் வேலையவிட்டு அனுப்பிடலாம்."

நான் கேட்டதும் வெல்டர் கேமராவைக் கொடுத்துவிட்டார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கேன்டீனில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். மெஷின் ஒன்றுகூட இல்லை. பனி மூடிய ஒரு மலை, அதன் அடியில் ஏரி. ஒரே இடத்தில் நின்று தினமும் எடுத்திருக்கிறார். வெயிலில், மூடுபனியில், ஏரி உறைந்த பிறகும். படங்களில் ஆளே இல்லை. ஆனால் வரிசை எண்களில் மூன்று விடுபட்டிருந்தன.

"இந்த மூணு எங்கண்ணே?"

"அழிச்சிட்டேன்."

"ஏன்? அதுல என்ன இருந்துச்சு?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் இருந்தேன்பா. ஏரியாண்ட ஒருத்தர் எடுத்துக் குடுத்தாரு. வாடிப்போன மூஞ்சியப் பாத்து நானே பயந்துட்டேன். வூட்ல பாத்தா இன்னா ஆவறது?"

அதையும் என் பொத்தானிடம்தான் சொன்னார்.

மலையும் ஏரியும் மட்டும்தான் இருக்கின்றன என்று மேலாளரிடம் சொன்னேன். எண்கள் விடுபட்டதைச் சொல்லவில்லை. வெல்டரை நம்பித்தான் மறைத்தேனா என்று கேட்டால், இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.