தோட்டக் குளத்தில் அல்லி வேர்பிடித்த வருஷம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பசுமலையில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் கணவர் கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஒருநாள் இரும்புப் பாளம் சரிந்து அவர் காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு அவருக்குப் பேச்சே குறைந்துபோனது. காலையில் நான் கிளம்பும்போது உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் சாயங்காலமும் இருப்பார்.

வீட்டுக்குப் பின்னால், முன்பு யாரோ ஆசையாகக் கட்டிய வட்டமான சிறு குளம் ஒன்று உண்டு. சுவர் வெடித்து, உள்ளே குப்பையும் தென்னை மட்டையுமாகக் கிடக்கும். ஒரு சனிக்கிழமை துணி காயப்போடப் போனபோது, அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்குத் துணியை உதறிக் கொடியில் போட்டேன். ஏதாவது கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

வெடிப்புகளை அவரே பூசினார். என்னோடு வேலைபார்த்த டீச்சர் ஒருவர் ஊரிலிருந்து இலையோடு கொண்டுவந்த அல்லிக் கிழங்குகளை நட்டோம். ஒரு வாரத்துக்குள் இலையெல்லாம் வெந்ததுபோல் அழுகிவிட்டது.

அடுத்த வீட்டு அக்காவுக்கு முதலிலிருந்தே இந்தக் குளம் பிடிக்கவில்லை. அவர் மகளுக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. கொசு சேரும் என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். மீன் விட்டால் கொசு வராது என்று என் கணவர் சொன்னதை நம்பவில்லை. ஆனாலும் செத்த செடியைப் பார்த்துவிட்டு, போகிறபோக்கில் சொன்னார்: “புதுச் சிமெண்டுக்குக் காரம் இருக்கும் தம்பி. வாழைத்தண்ட வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க. அப்பத்தேன் செடி நிக்கும்.”

அப்படியே செய்தோம். பிறகு ஒருநாள் இவராகவே, “கீழக்குயில்குடி கண்மாய் வரைக்கும் போய்ட்டு வருவமா?” என்றார். விபத்துக்குப் பின் ஆஸ்பத்திரி தவிர அவர் வெளியே கிளம்பியது அன்றுதான். ஊன்றுகோலைக் கரையில் போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். சேற்றில் கை விட்டுக் கிழங்கைத் தடவி எடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிழங்குகளை வாயகன்ற சட்டிகளில் கண்மாய்க் களிமண் போட்டு நட்டு, மண் கலங்காமலிருக்க மேலே மணல் பரப்பினோம். குருத்து தண்ணீர்மட்டத்தை எட்டவேண்டும் என்று சட்டிகளைச் செங்கல்மேல் வைத்து, தண்டு நீள நீளச் செங்கலை உருவினோம். அடியில் வேலம்பாசி. அதற்குள் கெண்டைக் குஞ்சுகள். இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

கோடையில் அவர் காலுக்கு இரண்டாவது ஆபரேஷன் என்றார்கள். மழை பொய்த்த வருஷம். குழாயில் காற்றுதான் வந்தது. நான் லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். “குளம் காஞ்சிருக்கும்,” என்று ஒருநாள் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு காலைப்பொழுதில் வீடு திரும்பினோம். இவர் நேரே பின்பக்கம் போனார். குளம் நிறையத் தண்ணீர். நடுவே ஒரு வெள்ளை அல்லி, இரவு விரிந்தது, இன்னும் மூடாமல் இருந்தது. குளத்தின் கைப்பிடிச் சுவரில் குடம் வைத்த ஈர வட்டங்கள். அந்த அக்கா வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் அடியில்தான் கிடந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவருக்கு அருகே போய் நின்றேன். அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். “அக்கா, இம்புட்டுத் தண்ணிய...” என்று ஆரம்பித்தேன்.

“அது கெடக்கட்டும். தம்பி கால ஊன்றாரா?” என்றார்.

ஊன்றுகிறார் என்றேன். இரண்டு பேரும் மத்தியானம் இங்கேயே சாப்பிட வந்துவிடுங்கள், உலை வைத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இவர் ஊன்றுகோலோடு மெதுவாகத் தெருவைச் சுற்றி நடந்து வர, அன்று அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டோம்.