எண் போடாத கட்டங்கள்

கயிற்றில் கட்டிய கப்பல் எப்படியெல்லாம் ஆடும் என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. என் கணவருக்குக் கப்பலிலேயே வேலை. இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் கிடையாது.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பு, அவர் இஞ்சின் அறையில் வேலை பார்த்த நிலக்கரிக் கப்பல் எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. துறைமுகத்துக்குள் இடம் காலியாக வேண்டும். மொட்டை மாடியில் ஏறினால் கப்பல்கள் தெரியும். அதில் எது அவருடையது என்றுதான் தெரியாது. மகள் பிறந்தபோது அவர் வேறு ஏதோ கடலில் இருந்தார். அவளுக்குப் பத்து மாதம் ஆகியும் அப்பா அவளைத் தூக்கியதில்லை. கப்பல் உள்ளே வந்துவிட்டால் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பகலாவது வீட்டுக்கு வந்து போகலாம். அந்த ஒரு பகலுக்காக நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமில்லை. கரைக்குப் பக்கத்தில் நின்றதால் போன் சிக்னல் வேறு கிடைத்தது. இருமினால்கூடக் கேட்கிற தூரத்தில் ஆள் இருப்பதுபோல் இருந்தது, ஆனால் வர முடியாது.

வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். இயற்கணிதம் செய்யும் மென்பொருளில் ஆறுக்கு ஆறு கட்டம் கொண்ட அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. கப்பல் ஆறு விதமாக அசையும், அதனால் ஆறு நிரை, ஆறு நிரல். எடுத்த எடுப்பில் எண் போடக் கூடாது. k என்ற எழுத்தையும் அணியின் அளவையும் சொன்னால் போதும், எல்லாக் கட்டங்களுக்கும் மென்பொருளே பெயர் வைத்து நிரப்பிவிடும். எந்தக் கப்பல், எத்தனை கயிறு என்று தெரியாமலே அந்தப் பெயர்களைப் பெருக்கலாம், கூட்டலாம், சூத்திரத்தை முழுசாக எழுதிவிடலாம். எண்ணெல்லாம் கடைசியில்தான். எண் போடாத இந்தக் கட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் எதுவும் இல்லையென்று ஆகிவிடவில்லை.

என் மாமியாரும் கப்பல்காரரைக் கட்டிக்கொண்டவர். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலின் கயிற்றைக் கரையில் மாட்டும்வரை 'வந்துட்டார்' என்று யாரும் சொல்லக் கூடாது, அவருக்காக ஒரு கறி மீன்கூட வாங்கக் கூடாது. படித்த திமிர், நான் கேட்பேனா? "நாளைக்கு உள்ள வுடறாங்களாம்" என்று என் கணவர் போனில் சொன்னதுமே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரமும் இறாலும் வாங்கி வந்தேன்.

மாமியார் பையை எட்டிப் பார்த்தார். "கயிறு போட்டாங்களா?"

"நாளைக்குப் போட்டுடுவாங்க அத்தை."

"நாளைக்குப் போட்டா நாளைக்கு வாங்கு. இன்னாமே அவசரம் உனுக்கு?"

நான் மீனுக்கு மசாலா தடவி வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். அணியை உருவாக்கச் சொன்னேன். பெயர்களுக்கு நடுவே, இரண்டாம் நிரை இரண்டாம் நிரலில், ஓர் எண் துருத்திக்கொண்டு நின்றது. கப்பல் கரையை விட்டுப் பக்கவாட்டில் விலகாதபடி கயிறுகள் எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்பதற்கான கட்டம் அது. காலையில் சோதித்துப் பார்க்க அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்திருந்தேன், நீக்க மறந்துவிட்டேன். ஒருமுறை எண் கொடுத்துவிட்டால், நாமாக நீக்கும்வரை மென்பொருள் அதைப் பெயராக நினைக்காது. நீக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் எழுந்து போய், அடுப்படியில் ஊறிக்கொண்டிருந்த மீனை ஒரு தட்டால் மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவர் போன் செய்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"ஆர்டர மாத்திட்டாங்கமே. தெக்க வேற போர்ட்டுக்குப் போவ சொல்லிட்டாங்க. நங்கூரம் தூக்கிக்கினு கீறாங்க. நம்ம கரைய தாண்டித்தான் போவும். டூட்டி முடிச்சிட்டு மேல வந்து நிக்கிறேன். பாப்பாவ தூக்கிக்கினு வா."

குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினேன். அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்மேல் ஏறி நின்றேன். பக்கத்தில் வலை காயப் போட வந்த ஒரு பெண், மஞ்சள் கவுன் போட்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். தூரத்தில் ஒரு கறுப்புக் கப்பல் மெல்ல நகர்ந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாறைமேல் வைத்துவிட்டு, மகளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"இருமே, ஒருத்தர்கிட்ட பைனாகுலர் வாங்கிக்கினேன்... எங்க நிக்கிற... பாறைகிட்டயா?"

"ஆமா, பாறை மேலதான்."

"தெரியுது! பாப்பா தெரியுது! மஞ்ச கவுனுதானே? ஐயோ, கைய ஆட்டுதுமே!"

என் மகள் நீலச் சட்டையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றேன். "ஒங்களப் பாத்துத்தான் ஆட்டுறா."