விற்ற காரும் வாடகைக் காரும்

காரை ஒரு கொள்கைக்காக விற்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. பெருந்தொற்றின் முதல் ஊரடங்கில் ஒரு பகல், மருந்து வாங்கப் புறப்பட்டவன் ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை நடந்து கடந்தேன். அச்சாலையின் ஓரத்திலேயே நெடுங்காலம் குடியிருந்தும், அதன் நடுவில் நின்று இருபுறமும் நிதானமாகப் பார்த்தது அன்றுதான். தாம்பரம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் வெற்றுச் சாலை வெயிலில் நீண்டு கிடந்தது. தொண்டையில் எப்போதும் இருக்கும் புகைக் கரிப்பு இல்லை. சாலை என்பது இவ்வளவு அகலமானதா என்று வியந்தபடி வீடு திரும்பினேன்.

ஊரடங்கு நீங்கியதும் அதே சாலை முன்னிலும் அதிகமாக நிரம்பியது. பேருந்தில் ஏறினால் தொற்று வரும் என்று அஞ்சியவர்களெல்லாம் சொந்த வண்டி வாங்கியிருந்தார்கள். அந்த நெரிசலில் என் காரும் ஒன்றாய் நின்றபோது, இவற்றுள் ஒன்றைக் குறைப்பது என் கையில் இருக்கிறதே என்று தோன்றியது. இதைவிடப் பெரிய சிந்தனை ஏதும் அப்போது எனக்கு இல்லை.

படூரை அடுத்த ஒரு கல்லூரியில் நான் தமிழ் கற்பிக்கிறேன். காரை விற்றபின் வண்டலூர்வரை மிதிவண்டி, அங்கிருந்து கேளம்பாக்கத்துக்குப் பேருந்து, அதன்பின் ஷேர் ஆட்டோ என்று என் வழி அமைந்தது. பழகிக்கொள்வது எளிதாகவே இருந்தது. பிறருக்கு விளக்கிச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"இன்னா சார், சுகரா?" என்று எதிர்வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டார்.

"இல்லைங்க."

"டாக்டரு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கீறாரா?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் ஓட்டறேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வூட்ல எதுனா பிரச்சினையா சார்? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

கல்லூரியிலோ இதற்கு நேர்மாறு. பெருந்தொற்றுக்குப் பிந்தைய நகரப் போக்குவரத்து என்னும் பொருளில் ஒரு கூட்டம் கூட்டி, எனக்குப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொன்னார்கள். பேருந்துகள் பெருக வேண்டும், மிதிவண்டிக்குத் தனிப்பாதை வேண்டும், கார் என்பது வெறும் பழக்கம், விட்டால் விட்டுப்போகும் என்றெல்லாம் பேசினேன். கைதட்டல் அடங்கியபின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்கப்பா அடுத்த மாசம் கார் வாங்கப்போறாரு. எங்க வீட்டுல இதான் மொதல் கார். வேணாம்னு சொல்லிடட்டுமா சார்?"

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அப்பெண் சிரிக்கவில்லை என்பதை உட்கார்ந்தபின்தான் கவனித்தேன்.

அதே வாரம் என் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் சொந்த ஊரில் வசிக்கிறார். எங்கள் முன்னோர் அவ்வூரில் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். நாங்கள் இருவரும் மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் தலைமுறை. அண்ணன் மகளுக்கு மாமல்லபுரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தை அங்கே சுற்றுலா வேன்கள் ஓட்டுகிறவர்.

"டேய், கார வித்துட்டியாமே?"

"ஆமாண்ணே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? எந்தம்பி கார்ல வந்து எறங்குவான்னு நான் சம்பந்தி வூட்ல பீத்திகினு கீறேன். அவுங்க கேட்டப்ப சர்வீஸ்ல கீதுன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குண்ணே பொய் சொல்லணும்? செங்கல்பட்டு வரைக்கும் ரயில்ல வந்து, அங்கேர்ந்து பஸ்ஸுல வந்துடறேன். மடக்குற சைக்கிள் ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துகினு வரலாம்."

"மடக்கி எடுத்துகினு வருவியா? சுருட்டி கக்கத்துல வச்சிகினு வா, பாய் மாரி! டேய், முப்பது வருசம் நான் பஸ்ஸுல நின்னுகினே வந்தவன். பஸ்ஸ பத்தி எனக்கு சொல்றியா? நிச்சயத்துக்கு கார்ல வந்தா வா. இல்லாங்காட்டி வூட்லயே இரு. தட்டு மாத்தறப்ப எம் பக்கத்துல மச்சான ஒக்கார வச்சிக்கிறேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார். எங்கள் தந்தையார் இறந்தபின் வீட்டு விசேஷம் எதிலும் அண்ணன் பக்கத்தில் நான் அமராமல் இருந்ததில்லை. பொன்னாடை நாற்காலியில் மடித்தபடி இருந்தது. ஒரே செயலுக்கு ஓரிடத்தில் பொன்னாடையும் இன்னோரிடத்தில் தள்ளிவைப்பும் எப்படிக் கிடைக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணன் வீண்பெருமை பேசுகிறவர் அல்லர். அவர் தமக்கென்று கார் வாங்க ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. என் காருக்காக ஏன் இவ்வளவு கோபம்?

மறுநாள் மாப்பிள்ளையின் தந்தையே அழைத்தார்.

"வாத்தியாரே, கார் சர்வீஸ்ல கீதாமே? இன்னா பேஜாரு? கிளட்ச்சா, கியர் பாக்ஸா?"

"தெரியலைங்க."

"அதுவும் கரீட்டு. தமிழ் வாத்தியாருக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார். "எங்க வுட்டுக்கீறீங்க? நம்ம மெக்கானிக்க அனுப்பி வைக்கிறேன்."

"பார்க்கலாங்க" என்றேன். அது உண்மையும் அன்று, பொய்யும் அன்று. மாணவர் கட்டுரையில் அப்படியொரு விடையைக் கண்டால் நான் சிவப்பு மையால் அடிக்கோடிடுவேன்.

அண்ணன் மகளும் பேசினாள். "சித்தப்பா, எதுல வேணா வா. நீ வரலன்னா நான் ஒக்கார மாட்டேன்" என்றாள். ஒத்தாசைக்காக முன்னதாகவே ஊருக்குப் புறப்பட்ட என் மனைவி, "கொள்கைய ஒரு நாளைக்கு வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் தெளிவாகவே பேசினார்கள். எனக்குத்தான் எதுவும் தெளியவில்லை. நான் விட்டொழித்ததாக எண்ணியதை அண்ணன் இழந்ததாக எண்ணுகிறார் என்பதுவரை புரிந்தது. என் காரில் அவர் இழந்தது என்ன என்பது புரியவில்லை.

முடிவில், காரிலேயே வருவதாக அண்ணனுக்குச் சொல்லிவிட்டு, நிச்சயத்தன்று வாடகைக் கார் ஒன்றில் புறப்பட்டேன். எங்கள் ஊருக்குப் பிரியும் சாலை முனையில், வெள்ளை வேட்டி கட்டி, அண்ணன் தனியாக வெயிலில் நின்றிருந்தார். என்னைத் தேடித்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் காரைத் தேடி வந்திருந்தார். முதலில் எண்பலகையைக் குனிந்து பார்த்தார்.

"மஞ்ச போர்டா? ஒயிட் போர்டு கெடைக்கலியா?"

"வாடகை வண்டி மஞ்சள் போர்டுதான் இருக்கும்ணே. சம்பந்திக்குப் பார்த்ததும் தெரிஞ்சிடும். இன்னா சொல்லப்போறே?"

"அவருக்கு இன்னா? அவராண்ட நேத்தே உண்மைய சொல்லிட்டேன். எந்தம்பி சைக்கிள்ல போறான், காலேஜுல சால்வ போட்டாங்கன்னு. நல்லதுதானேன்னு சொல்லிட்டாரு."

"அப்போ இந்தக் கார் யாருக்குண்ணே?"

அவர் கதவைத் திறந்து பின்னிருக்கையில் என் பக்கத்தில் ஏறி அமர்ந்தார். ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்து, "வெளிய சுத்திப் போற ரோடு காட்டுது சார், அதான் கிட்ட" என்றார்.

"கிட்ட வேணாம். ஊருக்குள்ள போ" என்றார் அண்ணன். என் காரில் வந்த நாள்களிலெல்லாம் நான் அந்தச் சுற்றுச் சாலையிலேயே வந்து போயிருந்தேன். ஊர்த்தெருவின் தொடக்கம் வந்ததும், "ஏசிய அமுத்து தம்பி. மெதுவா போ" என்று சொல்லித் தம் பக்கத்துக் கண்ணாடியை முழுதும் இறக்கினார். நிலம் வைத்திருந்தவர்களின் தெரு அது. அதைத் தாண்டினால்தான் எங்கள் குடியிருப்பு.

"இங்கதான் நைனா எறங்குவாரு" என்றார், என்னைப் பார்க்காமலே.

எங்கள் தந்தையாரிடம் ஒரு பழைய மிதிவண்டி இருந்தது. இந்தத் தெருவில் எங்களவர் அதில் ஏறிப் போகக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இச்செய்தி எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நான் மிதிவண்டி பழகிய காலத்தில் அந்தக் கட்டு தளர்ந்துவிட்டிருந்தது. இதே தெருவில் மணியடித்துக்கொண்டு போனவன் நான்.

"நான் கேரியர்ல ஒக்காந்துகினு வருவேன். அவரு எறங்குன ஒடனே நானும் எறங்கிடணும். தெரு முடியிற வரைக்கும் எதுவும் பேச மாட்டாரு. அப்புறம் ஏறு கண்ணுன்னு என்னிய தூக்கி வைப்பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அப்ப பொறக்கல" என்றார்.

தெருவில் யாரும் எங்களைப் பொருட்படுத்தவில்லை. ஒருவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் குடங்களோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு வீட்டு வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த முதியவர் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா கண்டக்டரே, கார்லயா?" என்று கேட்டார். குரலில் ஏளனம் இருந்ததா, உரிமை இருந்ததா? என்னால் பிரித்தறிய முடியவில்லை.

"ஆமா. எந்தம்பி கூட்டிகினு வந்துக்கீறான்" என்று உரக்கச் சொன்னார் அண்ணன். சொன்னபோது அவர் முதுகு இருக்கையில் படவில்லை.

மிதிவண்டியைப் பற்றி நான் மேடையில் சொன்னவை பொய்யல்ல. இப்போதும் நான் அதைத்தான் சொல்வேன். அவை எல்லாம் மெய்யாக இருக்கும்போதே, என் அருகில் அமர்ந்திருந்த இம்மனிதரின் நேரான முதுகும் மெய்யாக இருந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அமைக்க எனக்கு இலக்கணம் உதவவில்லை.

தெரு முடிந்தது. எங்கள் வீட்டுப் பந்தல் எதிரே தெரிந்தது. அண்ணன் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு, சற்றே வெட்கத்தோடு, "இன்னொரு தபா போலாமா?" என்று கேட்டார்.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், எதுனா வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

"திருப்புங்க" என்றேன்.

திரும்ப இடம் போதவில்லை. வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்து, புகை கக்கித் திரும்பியது. டீசல் வீணாகிறதே என்னும் எண்ணம் வழக்கம்போல் எழுந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினேன்.