மூன்றாவது ஆணி

எந்த இசைக் கலைஞர் பெரியவர், யாருக்கு எந்த இடம் என்று இணையத்தில் எங்காவது சண்டை நடந்தால் என்னால் சும்மா கடந்துபோக முடியாது. பேருந்தில் நின்றுகொண்டே பத்தி பத்தியாக அடித்துத் தள்ளுவேன். அந்த மும்முரத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு. "ஒனக்கு யாருடி இவ்ளோ ட்ரெய்னிங் குடுத்தது?" என்று கூடப் படித்த தோழி ஒருமுறை கேட்டாள். எங்கள் வீட்டு ஹால்தான் கொடுத்தது. பத்து வயதில் எனக்கு அங்கே நடுவர் பதவியே இருந்தது.

அப்போது காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் பழைய வீட்டை ஒட்டியே பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வயலைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். செங்கல், சிமென்ட், வாசற்கதவு எதிலும் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. பாட்டு விஷயத்தில் மட்டும் ஒத்தே போகாது. பெரியப்பாவுக்கு நாகசுரம், அப்பாவுக்குச் சினிமாப் பாட்டு.

வெளிநாட்டில் மிகப் பெரிய இசைக் கலைஞர்களுக்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது, யாரை உள்ளே சேர்ப்பது என்று ஒரு குழு உட்கார்ந்து வாதாடுகிறது என்று பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். எதைப் படித்தாலும் உடனே யாரிடமாவது ஒப்பிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டு வேளையில் ஒப்பித்தேன். அப்பா ரசத்திலிருந்து நிமிர்ந்து, "நம்ம ஹால்லயும் வச்சுப்புடுவோமேண்ணே" என்றார்.

புதுவீட்டு ஹால் சுவரில் மேஸ்திரி ஏதோ ஞாபகத்தில் மூன்று ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு, மூன்றாவது நடுவருக்கு என்று முடிவாயிற்று. நடுவர் நான். இருவருக்கும் பொதுவான ஆள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் கூட்டம் தொடங்கும். புதுத்தரை ஜில்லென்று இருக்கும். பெரியப்பா துண்டை விரித்து உட்கார்ந்து, தன் நாகசுரக்காரரைப் பற்றித் தொடங்குவார்.

"சாமி பொறப்பாட்டுல அவரு வாசிச்சாரு. நான் வயலுக்கு மடையத் தொறந்து விட்டுட்டு வந்தவன், அடைக்கணுங்கறதே மறந்துட்டேன். விடிஞ்சு பாத்தா நம்ம வயலு மட்டுமில்ல, பக்கத்து வயலும் கொளம்."

"அது வாசிப்போட பெருமையா, ஒங்க மறதியோட பெருமையாண்ணே?" என்பார் அப்பா.

"கேக்கறவனுக்குக் கையில இருக்கற வேலை மறக்கணும்டா. அதான் சங்கீதம். ஒன் ஆளு பாட்டக் கேட்டுக்கிட்டே நீ சட்டைக்கு இஸ்திரி போடுற."

"என் ஆளு பாட்டு இல்லாம காரைக்கால்ல ஒரு பஸ்ஸு ஓடுமா சொல்லுங்க."

"பஸ்ஸு டீசல்ல ஓடுது."

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. தீர்ப்பு சொல்லும் முன் இரண்டு பக்கமும் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தன. கடைசியில் இருவர் ஆளுக்கும் இடம் உண்டு என்று தீர்ப்பளித்தேன். பெரியப்பா பழைய திருவிழா நோட்டீஸ் ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்த நாகசுரக்காரரின் முகத்தை ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். அப்பா தன் இசையமைப்பாளரின் வண்ணப் படத்தைச் சட்டம் போட்டார். வீட்டு வேலை முடியும்வரை இரண்டும் பழைய வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றன.

தப்பு அங்கேதான் நடந்தது. பெரியம்மாவைப் பொறுத்தவரை வீட்டில் இருக்கும் படங்கள் இரண்டே வகை: சாமி, இல்லாவிட்டால் செத்தவர். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை மரியாதை ஒன்றுதான். அந்த வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, விளக்கும் ஏற்றிவிட்டாள். அலுவலகத்திலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, இவரு நல்லா இருக்காரு அண்ணி. போன வாரங்கூட ஒரு படம் ஒத்துக்கிட்டாரு."

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையால் பொட்டை அவசரமாகத் துடைத்தாள். "ஆயுசு கூடும், விடுங்க தம்பி" என்றாள். பெரியப்பா இந்த வாய்ப்பை விடுவாரா? உயிரோடு இருப்பவரைப் படமாக மாட்டினால் இப்படித்தான் ஆகும், போய்ச்சேர்ந்தவர்களுக்கு மட்டுந்தான் சுவரில் இடம் என்று சட்டம் போட்டார். அப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, காலமான பழைய பாடகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். "செத்துப்போனதுக்காகவே ஜெயிச்ச மொத ஆளு இவராத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தை மாற்றினார்.

இனி மூன்றாவது ஆணி. என் ஆளை நான் முன்பே முடிவு செய்திருந்தேன்.

அம்மா வாரம் ஒருநாள் மீன் வாங்கக் காரைக்கால்மேட்டுக்குப் போவாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். ஏலம் போடும் இடத்தில் மீன் வாங்கியதும் நேரே வீடு திரும்ப மாட்டோம். வலை காயப்போட்டிருக்கும் சந்து ஒன்றில் அத்தை வீடு. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை அவள். படகுக்குப் போகும் குடும்பத்துப் பையனைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததில்லை, யாரும் அழைத்ததுமில்லை. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் பெரியப்பாவுக்கு அத்தை மேல் கோபம் என்பது மட்டும்தான். பேனாவைத் தொலைத்தால் அப்பாவுக்கு என் மேல் வருமே, அந்த மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தேன். "மீன் வாங்குனோம், வந்தோம். அவ்ளோதான் சொல்லணும்" என்பாள் அம்மா.

மாமா படகுக்குப் போவார். திருவிழாக் காலத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் தபேலா வாசிப்பார். விரல் நுனியால் மழை பெய்ய வைப்பார். படகு எஞ்சின் கிளம்பாமல் திணறித் திணறிக் கடைசியில் பிடித்துக்கொள்வதை அப்படியே வாசித்துக் காட்டுவார். எனக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த ஞாயிறு அப்பா, "நடுவரம்மா, ஒங்க ஆளு யாரு?" என்று கேட்டதும் எழுந்து நின்றேன். பள்ளிப் பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"காரைக்கால்மேட்டு மாமா."

அப்பா அவசரமாகப் பெரியப்பாவைப் பார்த்தார். வாதம் பலமாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்து மேலும் அடுக்கினேன். பட்டினச்சேரித் திருவிழாவில் பாதிக் கச்சேரியில் கரண்ட் போனது, பாடகரின் மைக் அடங்கியது, மாமா மட்டும் இருட்டில் தபேலாவை விடாமல் வாசித்தது, ஜெனரேட்டர் வரும்வரை ஒரு ஆள் எழுந்திருக்காதது. "சுண்டல் விக்கறவரு விக்கவே மறந்துட்டாரு பெரியப்பா. கையில இருக்கற வேலை மறக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

நிலைப்படி ஓரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவைப் பெரியப்பா பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"மீனு அங்கதான் புதுசா கெடைக்குது" என்றாள் அம்மா, கீரையிடம்.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உசுரோட இருக்கறவங்களுக்கு எடமில்லன்னு பேசி முடிச்சாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சட்டம் சட்டம்தானே. எனக்கு வருத்தமிருந்தாலும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது. அடுத்த முறை போனபோது மாமாவிடம் முறைப்படி அறிவித்தேன்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க மாமா. ஆனா செத்தாதான் உள்ள விடுவாங்களாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். மடியில் வலையைப் போட்டுக்கொண்டு அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்த மாமா சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லன்னு ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லிடு மருமவளே."

சொல்லச் சொன்னால் சொல்லாமல் இருப்பேனா? அன்று மதியமே, பெரியப்பா மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். "மாமாவுக்கு ஒண்ணும் அவசரமில்லையாம் பெரியப்பா."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், புரையேறியது. பெரியம்மா ஓடிவந்து தலையில் தட்டினாள். தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி, "வேற என்ன சொன்னான்?" என்று கேட்டார். அந்த வீட்டில் மாமாவைப் பற்றி யாராவது கேள்வி கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேற ஒண்ணும் சொல்லல. அத்தைதான் உள்ள எழுந்து போயிட்டாங்க."

பெரியப்பா மீதிச் சோற்றைச் சாப்பிடாமல் கை கழுவிவிட்டார். புரையேறினால் அப்புறம் சாப்பிடப் பிடிக்காதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுவீட்டுக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் புதுவீட்டில் பால் காய்ச்சுவது அந்த வீட்டில் பிறந்த பெண். அந்த இடத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. திருநள்ளாற்றில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையைக் கூப்பிடலாமே என்றாள் பெரியம்மா. யாரும் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

கடைசி ஞாயிறு. நாகசுரக்காரரும் பழைய பாடகரும் சுவரேறியாயிற்று. பக்கத்தில் வெறும் ஆணி. "மூணாவதப் புடுங்கிடச் சொல்லவாண்ணே?" என்று அப்பா கேட்டார்.

"இருக்கட்டும்." பெரியப்பா எழுந்து போய் ஆணியை ஆட்டிப் பார்த்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர்மேல் பழிபோட்டது போன்ற குரலில் கேட்டார்: "உசுரோட இருக்கறவங்களப் படமா மாட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன். கூப்புடக் கூடாதுன்னு சொன்னனா?"

"சொல்லலீங்க" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் உடனே வந்தது.

மறுநாள் காலை பெரியம்மா வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தாள். பெரியப்பா அதை மொபெட்டில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எனக்கு வழி தெரியாது பாப்பா. நீ வந்து காட்டு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்து, கோயில் முக்கில் இடது, ஐஸ் கம்பெனி தாண்டி வலது என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். நான் நீட்டும் முன்பே வண்டி திரும்பியது. எவ்வளவு நன்றாக வழிகாட்டுகிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அத்தை வீட்டுக்குச் சற்று முன்பாகவே வண்டியை நிறுத்தினார். "நீ முன்னாடி போ. நான் ஸ்டாண்டு போட்டுட்டு வர்றேன்."

நான் ஓடினேன். சந்து முழுக்கக் கேட்கும்படி அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஈரக்கையோடு வந்த அத்தை எனக்குப் பின்னால் பார்த்தாள். "அண்ணே" என்றாள். மாமா சட்டையின் பொத்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து, "வாங்க மச்சான்" என்றார்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மூலையில் துணி மூடியிருந்த தபேலாவைப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பையை அத்தையிடம் நீட்டிவிட்டு மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "அவசரமில்லன்னு சொல்லி விட்டீங்களாமே. அவசரமில்ல. புதங்கெழம காலையில வந்தாப் போதும்."

புதன்கிழமை அத்தைதான் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தது. மூன்றாவது ஆணிக்குக் கீழே மாமா உட்கார்ந்திருந்தார். "ஒண்ணு வாசிங்களேன் மாப்ள" என்று அப்பா கேட்க, தபேலா கொண்டுவராததால் காலி பெயின்ட் டப்பா ஒன்றை முழங்காலுக்கு இடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கிளம்பாத படகை வாசித்தார். எஞ்சின் திணறித் திணறிப் பிடித்துக்கொண்டபோது வீடே சிரித்தது. பின்கட்டிலிருந்து அடிப்பிடித்த வாசனை வந்தது. பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியோடு ஹால் வாசலில் நின்றிருந்தாள். பெரியப்பா மோந்து பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடுவர், தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த ஆணி இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. கடிகாரம் மாட்டலாம், காலண்டர் மாட்டலாம் என்று யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். பெரியப்பா விடவில்லை. மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி, மற்றபடி நன்றாக இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்த வெறும் ஆணியைத்தான் பார்ப்பேன். பார்த்ததும் மனசு நிறைந்துபோகும். அதில் ஒன்றும் தொங்காததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், பொதுவாக எல்லோருக்கும் சொல்லிக்கொள்வேன்.

போன விடுமுறையில், ட்ரெய்னிங் பற்றிக் கேட்ட அந்தத் தோழி எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அத்தை வீட்டுக்கு வழி சொன்னேன். கோயில் முக்கைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஐஸ் கம்பெனியிலும் அதேபோல. வலை காயும் சந்தைக் கண்டுபிடிப்பதற்குள் வேறு இரண்டு சந்துகளுக்குள் போய்வந்தோம். "தாண்டினப்புறம் கைய நீட்டுற. இப்படி வழி சொன்னா புதுசா வர்றவ எப்படிடி திரும்புவா?" என்று திட்டினாள்.

பெரியப்பாவின் மொபெட் ஒரு முக்கில்கூட வேகம் குறையாமல் திரும்பியதை நினைத்துக்கொண்டிருந்தேன்.