தவக்காலத்து இஞ்சி பீர்

எங்கள் பக்கத்து வீட்டு ஜெஸ்லின் அக்கா பீர் செய்து விற்கிறாள் என்று சொன்னால் போதும், என் இன்ஷூரன்ஸ் ஆபீசில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது இஞ்சி பீர் ஐயா, இஞ்சியையும் சர்க்கரையையும் புளிக்கவைப்பது, போதையெல்லாம் கிடையாது, பொன்மலை ரயில்வே காலனியில் கிறிஸ்மஸுக்குப் பாதி வீட்டில் செய்வார்கள் என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் விளக்குவதில்லை. ஜில்லென்று ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிடுவேன். மத்தியானத்துக்குள் காலி பாட்டில் என் மேஜைக்குத் திரும்பி வந்துவிடும்.

அக்காவுக்கு இந்த வித்தை வந்தது ஆஷ்லி என்ற சிநேகிதியால். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆஷ்லி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, துணியால் வாய் கட்டிய ஒரு கண்ணாடி ஜாடியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே இஞ்சித் துருவல் நுரைத்துக்கொண்டிருந்தது. தயிருக்கு உறை மாதிரி இந்தப் பானத்துக்கு அதுதான் உறை. தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் போட்டுவந்தால் உயிரோடு இருக்கும். மறந்தால் செத்துவிடும். அக்கா அதை மறக்கவே இல்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "ஜாடிக்குப் போட்டீங்களா?" என்று கணவர் பெஞ்சமின் அண்ணனிடம் கேட்டாளாம். பிள்ளை யார் ஜாடை என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் நடந்த கூத்துகளை எழுதினால் அக்கா என்னோடு பேசமாட்டாள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும் என்று தெரியாமல், ஒரு சித்திரை மாதம் ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவைத்தாள். திருச்சி வெயில் சும்மா இருக்குமா? பெஞ்சமின் அண்ணன் ஒர்க்‌ஷாப் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து ஒவ்வொன்றாக வெடித்தது. ரசம் சாதத்தில் கண்ணாடித் துண்டு. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவர் சமையலறைக்குள் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

அப்போது அக்கா ஒரு பேக்கரியில் கேக் பிரிவில் இருந்தாள். ஒரு நாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "குழம்பு நல்லா இருந்தா எங்க மாமியார் கைப்பக்குவம்ங்கிறாங்க. கேக் நல்லா இருந்தா முதலாளி கைப்பக்குவம்ங்கிறாங்க. இது ஒண்ணுதான் யாழினி என்னோடது. இது என் நாக்கு."

நாக்கு என்று அவள் சொன்னது சும்மா இல்லை. பானம் எப்போது பதத்துக்கு வந்தது, எப்போது புளிப்பதை நிறுத்திப் பாட்டிலில் அடைத்துக் குளிரில் வைக்கலாம் என்பதற்கு அவளிடம் கணக்கு எதுவும் கிடையாது. ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டால் காதில் விழாது. முகம் எங்கோ போய்விடும். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து, போய்வந்த இடத்தைச் சொல்வாள்.

"பிளாட்ஃபாரத்துல ரயில் நிக்கிது. இன்னும் கிளம்பல."

சர்க்கரை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் மறுபடியும் ஸ்பூன். "ரயில் போயிடுச்சு. ஆனா பிளாட்ஃபாரம் இன்னும் லேசா அதிருது. போதும், மூடிடலாம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த பாட்டிலைக் குடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் ஒரு குளிர்ச்சி, பின்னாலேயே எலுமிச்சை, எல்லாம் தொண்டையைக் கடந்து போனபிறகு ஆள் இல்லாத இடத்தில் இஞ்சி மட்டும் மெதுவாக எழுந்து நிற்கிறது. நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து மலைக்கோட்டைப் பக்கம் விளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். எதற்காக மாடிக்கு வந்தேன் என்பதையே மறந்துபோனேன். பூவன் பழம் சேர்த்துச் செய்யும் பானத்தில் இன்னொரு மயக்கம். அது வாயில் இருக்கும்போதே வெயில் தாழ்ந்துவிட்டதுபோல இருக்கும். துறையூரிலிருந்து வரும் நெல்லிக்காயில் செய்வது முதலில் முகத்தைச் சுளிக்கவைத்து, அடுத்த மடக்குத் தண்ணீரையும் இனிப்பாக்கிவிட்டுப் போகும்.

வியாபாரம் பெரிதானதற்கு சுபஸ்ரீ காரணம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் சீடையும் தட்டையும் அப்பளமும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. ஒரு பொருட்காட்சியில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அங்கேயே நின்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். மறுவாரம் அவள் கடை பிரிட்ஜில் அக்காவின் பாட்டில்கள் ஏறின. ஒரே ஒரு நிபந்தனை.

"பீர்னு லேபிள்ல எழுதினேள்னா எங்காத்து மனுஷா கடை வாசப்படி ஏறமாட்டா. பொன்மலை இஞ்சின்னு போட்டுடுங்கோ."

கோயிலுக்கு வந்தவர்கள் வாங்கிப்போய் ஊர் ஊராகச் சொன்னார்கள். வீட்டுப் பின்கட்டு போதவில்லை. இரண்டு பேரும் கூட்டாகச் சேர்ந்து, துவாக்குடி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்து எவர்சில்வர் டிரம்களை இறக்கினார்கள். சுற்றிலும் மாணவர்கள் தங்கும் விடுதிகள். கிளாஸ் முடிந்து அப்படியே வந்து ஷெட் வாசலில் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். விற்பது, வண்டி ஏற்றுவது, வரி கட்டுவது எல்லாம் சுபஸ்ரீ. ருசி அக்காவுடையது. அந்த ஸ்பூனை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

போன வருஷம் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் கத்தோலிக்கர்கள் பிடித்தது எதையாவது விட்டுவிடுவார்கள். மீன், காபி, சினிமா என்று வருஷத்துக்கு ஒன்று. அக்கா வழக்கமாக மீனை விடுவாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசையில் ஃபாதர், "விட்டுக்கொடுப்பதற்கு வலிக்காததை விடாதீர்கள்" என்று பிரசங்கம் செய்துவிட்டார். நெற்றியில் சாம்பலோடு பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்ற அக்கா, ஈஸ்டர் வரைக்கும் இஞ்சி பீரை நாக்கில் வைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா, சமையல்காரர் உப்புப் பார்க்கமாட்டேன்னு சொன்னா எப்படிக்கா? கல்லூரி விழாவுக்கு ஆர்டர் வந்து நிக்கிது. மீனை விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"மீனு எனக்கு வலிக்கலயே," என்றாள்.

சுபஸ்ரீ புத்திசாலி. சத்தம் போடவில்லை. அக்காவை அழைத்துக்கொண்டு நேராக ஃபாதரிடம் போனாள். அவர் சிரித்துவிட்டு, "அது உன் வேலை ஜெஸ்லின், சுகம் இல்ல. வேலைக்காக ருசி பாக்கிறதுல நேர்ச்சை முறியாது, தாராளமா பாரு" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். "இல்லங்க ஃபாதர். எனக்கு அது வேலையே இல்ல. சுகம் மட்டும்தான். அதனாலதான் விட்டேன்."

ஃபாதர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஸ்பூன் சுபஸ்ரீ கைக்குப் போனது. ஏற்பாடு இதுதான்: சுபஸ்ரீ ருசித்துச் சொல்லவேண்டும், அதைக் கேட்டு அக்கா முடிவுசெய்வாள். முதல் டிரம்மின்போது நானும் ஷெட்டில் இருந்தேன். சுபஸ்ரீ ஸ்பூனை வாயில் வைத்தாள். பழக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் ஒன்றும் இல்லாமலே அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"ரயில் போயிடுச்சாங்க?"

"எனக்கு ரயிலெல்லாம் தெரியல ஜெஸ்லின்."

"அப்ப என்ன தெரியுது?"

சுபஸ்ரீ யோசித்தாள். "கொள்ளிடத்து மணல். சாயங்காலம் கால் வெச்சா மேலாக்க ஆறிப்போயிருக்கும். விரலால கொஞ்சம் தோண்டினா உள்ள இன்னும் சூடு இருக்குமோல்லியோ, அது மாதிரி. ஆனா அந்தச் சூடு இன்னும் ரொம்ப மேலயே இருக்கு. கொஞ்சம் உள்ள இறங்கணும்."

அக்கா கொள்ளிடத்தைப் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த மணலை எப்படி ரயிலாக மாற்றிக்கொள்வாள்? மூடலாமா வேண்டாமா என்று தவித்தாள். கடைசியில், "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப மூடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். சுபஸ்ரீ மறுநாளும் மூடவில்லை, அதற்கு அடுத்த நாள்தான் மூடினாள்.

அந்தச் சரக்குதான் கல்லூரி விழாவுக்குப் போனது. பையன்கள் ஷெட்டுக்கே வந்து, "ஆன்ட்டி, விழாவுல கொடுத்தீங்களே, அந்த பேட்ச் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு ஓட்டல்காரர் போன் செய்தார். இன்னொரு டிரம் வாங்கவேண்டியதாயிற்று. அக்கா எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். இரவு சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று பெஞ்சமின் அண்ணன் என்னிடம் சொன்னார். எனக்குப் புரிந்தது. அவள் நாக்கு இல்லாமலே எல்லாம் நடக்கிறது. அது மட்டுமா, முன்பைவிட நன்றாகவே நடக்கிறது. ஊரே குடித்துப் பார்த்துவிட்ட தன் பானம் எப்படி இருக்கிறது என்று செய்தவளுக்கு மட்டும் தெரியாது.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மத்தியானம் அக்காவும் நானும் ஷெட்டுக்குப் போனோம். சுபஸ்ரீயும் வந்திருந்தாள். டிரம்மில் ஊறுவதற்குப் பண்டிகை தெரியாது, அன்றைக்கு ஒன்று பதம் பார்க்கவேண்டியிருந்தது. தொழிற்பேட்டையே தூங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகட்டு ஓட்டைகளின் வழியே வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. உள்ளே நுரை உடையும் மெல்லிய சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

சுபஸ்ரீ முந்தின வாரத்து பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டினாள். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நல்லா இருக்கு," என்றாள். "என்னோடதைவிட நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. ரயில் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நான் இல்ல."

சுபஸ்ரீயின் முகம் வெளிறிவிட்டது. ஸ்பூனைத் துடைத்து அக்கா கையில் வைத்தாள். "இது உங்களோடது. நான் பாத்துண்டிருந்தேன், அவ்வளவுதான். இனிமே நான் இதைத் தொடமாட்டேன். கடையைப் பாத்துக்கறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரம்மிடம் போனாள். ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டாள். இந்த முறை அவள் முகம் பழையபடி எங்கோ போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "வந்துடுச்சு," என்றாள் சந்தோஷமாக. "ரயில் போயிடுச்சு. போதும், மூடிடலாம்." மூடியைக் கையில் எடுத்தவள், என்ன நினைத்தாளோ, ஸ்பூனை சுபஸ்ரீயிடம் நீட்டினாள். "நீங்களும் பாருங்க. எனக்காக ஒருவாட்டி."

சுபஸ்ரீ தயங்கித் தயங்கி ருசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். நான் மனசுக்குள், சரின்னு சொல்லித் தொலை என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்குப் பொய் வரவில்லை.

"இன்னும் ஒரு நாள் போகணும் ஜெஸ்லின்."

அக்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.  பிறகு அவள் மூடியைக் கீழே வைத்துவிட்டு, பழையபடி துணியை எடுத்து டிரம்மின் வாயில் கட்டினாள். முடிச்சை நிதானமாகப் போட்டாள்.

திரும்பும்போது என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். திருவெறும்பூர் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன், தலையைக் குனிந்திருந்தாள். அழுகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டி, "என்னக்கா?" என்றேன்.

"நாளைக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல யாழினி. இத்தனை வருஷத்துல நாக்குல வெச்சுப் பாத்துட்டு, தெரியாம ஒருவாட்டிகூட விட்டுட்டு வந்ததில்ல."

"அப்ப மூடியிருக்கலாம்ல?"

"மூடியிருக்கலாம்."  முகத்தில் அழுகை இல்லை. "சாப்பாடோ, பலகாரமோ, இந்த பீரோ, எல்லாருக்கும் நான்தான் செஞ்சு கொடுத்திருக்கேன். எனக்குன்னு ஒருத்தர் பதம் பாத்து வெச்சு, அதுக்காக நான் காத்திருந்ததில்ல. நாளைக்கு எனக்கு அப்படி ஒண்ணு இருக்கு. நீ வண்டியை எடு."