இருமலில் தொடங்கும் கேசட்

அந்தப் பாடகரின் ஒரே கேசட்டைப் போன மாதம் யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கீழே ஏழெட்டுப் பேர் உருகி உருகி எழுதியிருந்தார்கள். பதுளை பஸ் ஸ்டாண்டில் அவர் கையாலேயே வாங்கினேன் என்று ஒருவர். மூன்றாவது பாட்டை மனப்பாடம் செய்துதான் மனைவியை மடக்கினேன் என்று இன்னொருவர். முதல் பாட்டுக்கு முன்னால் வரும் இருமலை எப்படி வெட்டலாம் என்று ஒருவர் சண்டைக்கே போயிருந்தார். நான் இவர் கட்சி. அந்த இருமலுக்காக என் சித்தப்பா தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

பாடகர் ஹல்துமுல்லைப் பக்கத்து ஆள். தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, எலக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு கரகரத்த தொண்டையில் ராக் பாடினார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியைப் பற்றி இப்படி யாருமே பாடியதில்லை என்பார் சித்தப்பா. யாரும் பாடச்சொல்லிக் கேட்கவும் இல்லை என்பார் அப்பா. கேசட் விலைபோகவில்லை. பாடகரும் எங்கோ போய்விட்டார். சித்தப்பாவைப் போல நாலைந்து கிறுக்கர்கள்தான் மிஞ்சினார்கள்.

அந்தக் கிறுக்கர்களுக்குள் நம்பிக்கை கிடையாது. ஒருவர் கேசட்டை இன்னொருவர் இரவல் வாங்கினால் திரும்பி வராது. அதனால் சித்தப்பா ஒரு தந்திரம் செய்தார். லேபிள் உதிர்ந்துபோன தன் கேசட்டைப் புதுக் கேசட்டின் வெற்று உறைக்குள் போட்டு, கடையில் வாங்கிவைத்த வெறும் கேசட்டுகளோடு அடுக்கிவைத்தார். பார்க்கிறவர்கள் ஒன்றும் பதியாத கேசட் என்றுதான் நினைக்கவேண்டும்.

அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அத்தை அப்போது குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. போகிற அன்று அடுப்படியில் ஏதோ வாக்குவாதம். அம்மா வாய் தவறி, "இத்தன நாளு நீ இந்த வீட்டுக்குப் பாரமா இருந்தது போதும்" என்று சொல்லிவிட்டாள். அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். லீவில் வந்திருந்த கீழ் லயத்து அக்கா குவைத்துக்குத் திரும்பப் போகிறாள் என்று தெரிந்ததும் அம்மா ஒரு 'வெறும்' கேசட்டை எடுத்துவிட்டாள். சித்தப்பா வேலைக்குப் போயிருந்ததால் அப்பாதான் டேப் மெஷினை இயக்கினார். மைக் கூவுகிறது என்று சத்தத்தை முழுக்கக் குறைத்தார். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான் முரண்டு பிடித்தது. ஓங்கி அமுக்கினார். ஏதோ ஒரு பொத்தான் உள்ளே போனது, சக்கரமும் சுழன்றது. அம்மா பேசத் தொடங்கினாள். பாதியில் அழுதுவிட்டாள். "அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சுக்காத புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் நான், கண்ணை மூடித் திறக்கும் பொம்மை ஒன்று வேண்டும் என்று சட்டையின் நிறம் முதற்கொண்டு விளக்கினேன்.

பேசியதைப் போட்டுக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அனுப்புகிற பேச்சை அதற்குரியவர்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நானும் அப்பாவும் போய்க் கீழ் லயத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் சித்தப்பா உறையைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு கையில் மெஷின், மறு கையில் நான். "எந்தப் பொட்டில வச்சாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல? வா!" அக்கா அன்றைக்குத்தான் ரயிலேறுகிறாள்; ஸ்டேஷனை நோக்கித் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினோம்.

கீழ் லயத்து அக்கா பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டியை நான் காட்டினேன்.

"ஐயையோ தம்பி, இத இப்ப அவுத்தா எப்படிக் கட்டுறது?"

அந்த நேரம் பார்த்து எங்கள் காலுக்கடியில் ரயில் ஊதியது. பதுளையிலிருந்து வருகிற ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் நுழையும். பிறகு மலையைச் சுற்றி ஏறித்தான் மேலே வரும்.

"சுத்திக்கிட்டுத்தானே வரணும் அக்கா, நேரமிருக்கு" என்றபடி சித்தப்பா பல்லால் முடிச்சை அவிழ்த்தார். கருவாட்டுப் பொட்டலத்துக்கும் சீயக்காய்க்கும் நடுவில் கேசட் கிடந்தது. மெஷினில் போட்டார்.

இருமல் வந்தது. பின்னாலேயே கிட்டார்.

அங்கங்கே ஓடவிட்டுப் பார்த்தார். திருப்பிப் போட்டும் பார்த்தார். ஒரு பாட்டும் அழியவில்லை. பதிவு செய்ய முடியாதபடி கேசட்டின் பின்பக்கப் பிளாஸ்டிக் துண்டை அவர் எப்போதோ உடைத்துவைத்து மறந்திருந்தார்; அதுதான் காப்பாற்றியிருக்கிறது. சிவப்புப் பொத்தான் கடைசிவரை இறங்கவே இல்லை; பாட்டுப் போடும் பொத்தான்தான் இறங்கியிருக்கிறது, சத்தத்தைக் குறைத்திருந்ததால் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமலே சிரித்தேன்.

கீழ் லயத்து அக்கா சிரிக்கவில்லை. "அப்ப ஒங்கண்ணி பேசுனது ஒன்னும் இதுல இல்லியா? அங்க ஒங்கக்கா வழியப் பாத்துக்கிட்டு இருப்பாளே தம்பி. வெறுங்கையோட போயி நா என்னான்னு சொல்றது?"

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. மலை வளைவில் ரயிலின் முகம் தெரிந்தது. கேசட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். பிறகு பெட்டிக்குள் அதே இடத்தில் வைத்துக் கயிற்றை இறுக்கினார்.

"நடந்ததச் சொல்லி இதையே குடுங்க. வரும்போது மறக்காமக் கொண்டாரச் சொல்லுங்க."

ரயில் போனதும் என்னிடம், "வீட்டுல மூச்சு விடாத" என்றார். இதற்கா இவ்வளவு தூரம் ஓடிவந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் பொம்மையின் கதை வேறு காற்றோடு போய்விட்டது.

ஒப்பந்தம் முடிந்து அத்தை வந்திறங்கியபோது கைப்பையிலிருந்து முதலில் எடுத்தது கேசட்டைத்தான். "அந்த ஊருல தமிழ்ல என்கூடப் பேசுனது இவர் ஒருத்தர்தான்டா" என்று சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் உடனே போட்டார். இருமல் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

அம்மா தயங்கித் தயங்கி அத்தையின் பக்கத்தில் வந்தாள். "நா பேசி அனுப்புனதக் கேட்டியா?"

அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கேட்டேன் அண்ணி. ஒரு வார்த்த விடாமக் கேட்டேன். நா அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்."

அம்மா ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

எப்படியோ கேட்டிருக்கிறாளே என்று நான் அத்தையின் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். சோப்பு, பால்மா, சட்டைத்துணி. பொம்மை இல்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டவளுக்கு என் பொம்மை மட்டும் எப்படிக் காதில் விழாமல் போகும்? பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். சித்தப்பா அதற்குள் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்துவிட்டார். இந்த வீட்டில் பெரியவர்கள் கூட்டாகப் பொய் சொல்கிறார்கள், அதற்குச் சந்தோஷமாக அழ வேறு செய்கிறார்கள் என்று நினைத்து, கோபத்தோடு அதை மென்றுகொண்டிருந்தேன்.